வியாழக்கிழமை பாட்டில்

சொட்டக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். தண்ணீரிலேயே பிழைப்பை வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் பயப்படுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். தெருக்காரர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அவள் அதைச் சட்டை செய்ததில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், அப்போதுதான் அம்மா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டிருந்த மூத்த பிள்ளையை இரண்டே நாள் வயிற்றுப்போக்கில் பறிகொடுத்தவள் அவள். அன்றைக்கு வீட்டுக் குடத்தில் இருந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. தெளிவாக இருக்கிற எதையும் அதற்குப் பிறகு அவள் நம்பவில்லை.

அந்த நாளில் நான்கு சந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு அடிபம்பு. சாக்கடையை ஒட்டி நின்றது. பிறகுதான் தெருக்கோடி சர்ச்சுக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளை அடைத்து வைத்திருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து, ஆழமாகத் துளை போட்டு, வடிகட்டும் டிரம்மும் மேல்தொட்டியும் வைத்து, சுவரில் ஆறு குழாய்களை நீட்டினார்கள். எல்லாரும் அதைப் பிளாண்ட் என்றார்கள். அதில் வேலைக்கு வைத்த பன்னிரண்டு பேரும் இதே நான்கு சந்துக்காரர்கள். வெளியிலிருந்து ஒருவரைக்கூட எடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் பாஸ்டரின் மனைவி. பாஸ்டரம்மா பார்க்கத் துளியூண்டு இருப்பார், குரல் மட்டும் மேல்தொட்டி வரை எட்டும். சர்ச்சுக்கு வராதவர்களுக்கும் தண்ணீர் உண்டா என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தபோது, "மழை பெய்யறப்போ உங்க வீட்டு மாடியில மட்டுமா பெய்யுது?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தவர்.

தண்ணீரைச் சோதிக்கிற வேலைக்கு ஆள் எடுத்த அன்று பத்துப் பேர் வந்தார்கள். ஒரு டம்ளரில் தண்ணீரை வைத்து, "குடிங்க" என்றார் பாஸ்டரம்மா. வேலை கிடைக்கவேண்டுமே, ஒன்பது பேர் மடமடவென்று குடித்தார்கள். இவள் மட்டும் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இது எங்க புடிச்ச தண்ணி?" என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்தாள். வேலை அவளுக்கு.

தினமும் காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மூன்று சொட்டு மருந்து விடுவாள். மஞ்சள் நிறம் வந்தால் தண்ணீரில் குளோரின் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் அவள் சொட்டக்கா. வாரத்தில் ஒருநாள், வியாழக்கிழமை, இன்னொரு சோதனை. அடியில் பொடி தடவிய குட்டி பாட்டிலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடி, மோட்டாருக்கு மேலே சூடான பலகையில் ஒரு நாள் வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை பார்க்கும்போது நிறம் மாறாமல் இருந்தால் நல்ல தண்ணீர். கறுத்திருந்தால் அதில் மலக்கிருமி. சுவரில் பாஸ்டரம்மா தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார்: கறுத்தால் யார் மேலும் பழி இல்லை. மறைத்தால் வேலை இல்லை.

முப்பத்திரண்டு வாரம் கறுக்கவில்லை. முப்பத்திரண்டு வியாழக்கிழமையும் சொட்டக்கா சரியாகத் தூங்கவில்லை.

முப்பத்துமூன்றாவது வியாழன் விடியும்போதே வீட்டில் பாப்பா அழுதாள். நாலு வயது. பாய் நனைந்திருந்தது, கால் வழிய ஒழுகியிருந்தது. கூடவே இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சி இன்னும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் வெளியூரில் கட்டட வேலையில் இருந்தார். சொட்டக்கா கைக்கு எட்டிய துண்டால் பிள்ளையைத் துடைத்து, வேறு கவுன் மாட்டி, துண்டை அலசிப் பிழிந்தாள். பிறகு தங்கச்சியை எழுப்பி, "வயிறு சரியில்ல, கஞ்சித் தண்ணி மட்டும் குடு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். துண்டு வழக்கம்போலத் தோளில் ஏறிக்கொண்டது. முன்பு கூலிக்குத் தண்ணீர்க் கேன் சுமந்த காலத்தில் தோள்பட்டைக்கு மெத்தையாகப் போட்ட துண்டு, கேனை இறக்கி மாதங்களாகியும் இறங்கவில்லை.

அன்று வியாழக்கிழமை பாட்டிலைப் பிடித்துப் பலகையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பாப்பாவின் கண்கள் உள்ளே போயிருந்தன. ராத்திரி ஐந்து முறை போயிருந்தாள். அந்தக் கண்களைச் சொட்டக்கா முன்பே பார்த்திருக்கிறாள், வேறொரு முகத்தில். "நான் போய்ச் சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன், சுகாதார நிலையத்துக்குப் போகலாம். ரெடியா இரு" என்று தங்கச்சியிடம் சொன்னாள். தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

பிளாண்ட்டில் யாரும் வந்திருக்கவில்லை. சொட்டக்கா கொட்டகைக் கதவைத் திறந்து பலகையைப் பார்த்தாள்.

பாட்டில் கறுத்திருந்தது. சாம்பலோ பழுப்போ அல்ல, மை மாதிரிக் கறுப்பு.

முதலில் அவளுக்குத் தோன்றியது பாப்பாவின் கண்கள். அடுத்து, நான்கு சந்துப் பிள்ளைகளின் கண்கள். நான்தான் மஞ்சள் பார்த்துச் சரி என்று எழுதினேன். நான் எழுதியதை நம்பித்தான் ஒரு நாள் முழுக்க எல்லாரும் குடித்தார்கள். என் பிள்ளையும் குடித்தாள்.

வெளியே பிளாஸ்டிக் குடங்கள் தரையில் உட்காரும் சத்தம். முதல் ஆள் எப்போதும் ஒருத்திதான். முதக்கொடம் என்றே பெயர். விடிகிற வெளிச்சத்துக்கும் அவளுக்கும் போட்டி வைத்தால் அவள்தான் ஜெயிப்பாள்.

"சொட்டக்கா, உள்ள என்ன ஜெபமா? தொறங்கக்கா, அடுப்பு எரியுது வீட்ல!"

பாட்டிலைக் கையில் எடுத்தாள். சின்ன பாட்டில், மூடினால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். சாக்கடையில் கொட்டிவிட்டு வேறு பிடித்து வைத்தால் யாருக்குத் தெரியும்? பிளாண்ட் மூடினால் பன்னிரண்டு வீட்டு அடுப்பு எரியாது. மூடாவிட்டால்? அதைப் பலகையிலேயே வைத்துவிட்டுப் போய் மெயின் வால்வைப் பிடித்துத் திருகினாள். இரண்டு கையாலும், இனி திருக முடியாது என்கிற வரைக்கும்.

வெளியே வந்து, "இன்னைக்குத் தண்ணி கிடையாது" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"பாட்டில் கறுத்துடுச்சு. யாரும் குடிக்காதீங்க. நேத்துப் புடிச்சது இருந்தாலும் கொட்டிடுங்க."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நேத்து முழுக்கக் குடிச்சோமேடி!"

"குடிக்க வெச்சதே இவதான்."

"அப்ப எங்க போய்த் தண்ணி புடிக்கிறது? உன் கண்ணுலேருந்தா?" என்றாள் முதக்கொடம். "அதுலதான் இப்ப நல்லா வருது."

அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது சொட்டக்காவுக்குத் தெரிந்தது.

பாஸ்டரம்மா சைக்கிளில் வந்தார். பின்னாலேயே பிளாண்ட் மெக்கானிக், மோட்டாரு என்று எல்லாரும் கூப்பிடும் ஆள், பல்குச்சியும் வாயுமாக ஓடி வந்தான். பாஸ்டரம்மா பாட்டிலைப் பார்த்தார். முகம் வெளுத்ததே தவிர ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மூடுனது சரி" என்றார். வெளியே போய், சாக்கடையோரத்துப் பழைய அடிபம்பில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும் என்று தொண்டை கிழியச் சொன்னார். உள்ளே வந்து இரண்டு புது பாட்டிலை எடுத்தார்.

"ஒன்னு நீங்க புடிங்க. ஒன்னு மோட்டாரு புடிக்கட்டும். ஒரே குழாயில. நாளைக்குப் பார்ப்போம்."

சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய்க்கு மட்டும் தனி வால்வு, மெயினை மூடினாலும் அதில் தண்ணீர் வரும். இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து, மூடியில் அடையாளம் போட்டு வைத்தார்கள். பிடித்த கையோடு சொட்டக்கா வீட்டுக்கு ஓடினாள்.

சுகாதார நிலையத்தில் நர்சம்மா பாப்பாவின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மெதுவாகத்தான் கீழே போனது. கையில் ஊசி ஏற்றி, பாட்டில் தொங்கவிட்டார்கள். இன்னொரு பாட்டில். சொட்டக்கா அதில் விழும் ஒவ்வொரு சொட்டையும் கண்ணால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"பிளாண்ட் தண்ணி. நான்தான்... நான்தான் டெஸ்ட் பண்றேன்."

நர்சம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டு போனார். கட்டிலின் கால்மாட்டில் தங்கச்சி பாப்பாவின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது.

"நீ ஏன்டி அழற? எல்லாம் என்னால வந்தது."

"அக்கா, அடிக்கிறதுன்னா இங்கயே அடிச்சிடு. வீட்டுக்குப் போய் அடிக்காதே."

"என்ன சொல்ற?"

"பாப்பா உன் தண்ணியைக் குடிக்கிறதே இல்லக்கா. மருந்து நாத்தம்னு துப்பிடறா. பம்புத் தண்ணியில சர்க்கரை போட்டுக் குடுத்தா மடக்குமடக்குன்னு குடிக்கிறா. பத்து நாளா அதான். உன்கிட்ட சொன்னா..." மூக்கை உறிஞ்சினாள். "ஊருக்கெல்லாம் சொட்டு விடறவ வீட்லயே பம்புத் தண்ணியான்னு கேட்பாங்கன்னு சொல்லல."

சொட்டக்கா கையை ஓங்கவில்லை. எழுந்துபோய் நர்சம்மாவின் மேசை முன்னால் நின்றாள்.

"சிஸ்டர், அந்தச் சீட்டுல பிளாண்ட்டுன்னு எழுதினதை அடிச்சிடுங்க. பம்புத் தண்ணி. என் வீட்ல குடிச்சது பம்புத் தண்ணி."

அது பயத்தைக் குறைக்கவில்லை, இரண்டாக்கியது. பாப்பாவைப் படுக்கவைத்தது பிளாண்ட் தண்ணீர் இல்லை. அப்படியானால் பாட்டில் ஏன் கறுத்தது? பம்பும் கெட்டு, பிளாண்ட்டும் கெட்டுவிட்டதா? பூமிக்கு அடியில் எல்லாம் ஒன்றாகிவிட்டதா? சாயங்காலம் பாப்பா கண்ணைத் திறந்து, "பிஸ்கட்" என்றாள். சொட்டக்கா முதல்முறையாக மூச்சை முழுசாக இழுத்து விட்டாள். ஆனால் அதற்குள் மணியைப் பார்த்தாள்: பாட்டில்களுக்கு இன்னும் பாதி நாள் பாக்கி.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் பலகை முன்னால் நின்றார்கள். மோட்டாரு பிடித்தது நிறம் மாறாமல் இருந்தது. சொட்டக்கா பிடித்தது கறுப்பு.

"அட!" என்றான் மோட்டாரு. "ஒரே குழாய், ஒரே தண்ணி. எனக்கு நல்ல தண்ணி, உங்களுக்குச் சாக்கடையா? குழாய்க்கு என்னை அவ்வளவு பிடிக்கும்னு எனக்கே தெரியாதே."

"சும்மா இருப்பா" என்றார் பாஸ்டரம்மா. வெறும் பாட்டில் ஒன்றை எடுத்துச் சொட்டக்காவிடம் நீட்டினார். "எப்படிப் புடிச்சீங்க, செஞ்சு காட்டுங்க. ஒன்னும் மாத்தாதீங்க."

சொட்டக்கா செய்து காட்டினாள். வால்வைத் திறந்தாள். தண்ணீரை ஓடவிட்டு நூறு எண்ணினாள். மூடினாள். ஸ்பிரிட் பஞ்சால் குழாயின் வாயைத் தேய்த்தாள். பாட்டில் மூடியை உள்பக்கம் தொடாமல் திறந்தாள். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடி. குழாய் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. இடது கை தானாகத் தோளுக்குப் போய், துண்டின் முனையை எடுத்து, குழாய் வாயை ஒரு துடை துடைத்தது.

மற்ற இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவளும் தன் கையைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரி கையைப் பார்ப்பதுபோல.

"எப்பவும் இப்படித்தான் துடைப்பீங்களா?" பாஸ்டரம்மாவின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது.

"துடைக்காம எப்படிம்மா? வாயைத் துடைக்காம யாருக்காவது தண்ணி குடுப்பாங்களா?" என்றவள் பாதியில் நின்றாள். தினமும் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்த துண்டு. முப்பத்திரண்டு வாரம் அதனால் ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமை விடியலில் அதே துண்டு எங்கே இருந்தது? எந்தக் காலைத் துடைத்தது? எந்தத் தண்ணீரில் அலசப்பட்டது? நேற்றும் அதே துண்டுதானே, துவைக்க நேரமில்லாமல்?

துண்டைத் தோளிலிருந்து எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாப்பாவைத் துடைச்ச துண்டு" என்றாள். "பாட்டில்ல இருந்தது என் பாப்பாவுது."

மோட்டாரு வாயைத் திறந்தான். பாஸ்டரம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"அப்ப தண்ணி நல்ல தண்ணி" என்றார் பாஸ்டரம்மா. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வால்வைத் தொறப்பா."

மோட்டாரு வால்வைத் திறந்தான். தண்ணீர் குழாய்களில் ஏறும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் சொட்டக்காவுக்கு மற்றது புரிந்தது. நேற்று முழுக்க நல்ல தண்ணீரைப் பூட்டிவிட்டேன். நான்கு சந்தும் நேற்று எதைக் குடித்தது?

"பாஸ்டரம்மா, எல்லாரும் பம்புக்குப் போயிருப்பாங்க."

"கொதிக்க வைக்கச் சொன்னேனே."

"எத்தனை பேர் வெச்சிருப்பாங்க? எத்தனை வீட்ல கேஸ் இருக்கு?"

பாஸ்டரம்மா யோசித்தார். "சர்ச் மைக்ல சொல்லிடறேன். இருக்கிற தண்ணியைக் கொட்டச் சொல்லி."

"மைக்ல சொன்னா பாதிப் பேர் பிரசங்கம்னு நினைச்சிக் காதை மூடிக்குவாங்க. நான் வீடு வீடாப் போறேன். என் தப்புன்னு நானே சொல்றேன்."

"திட்டுவாங்க."

"திட்டட்டும்."

தைரியத்தில் சொன்னதில்லை. முதல் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் இரண்டு முறை திரும்பி நடக்கப் பார்த்தாள். பாஸ்டரம்மா ஒரு கேன் நல்ல தண்ணீரோடும் உப்பு சர்க்கரைப் பொட்டலங்களோடும் பக்கத்தில் நின்றார். ஐம்பத்தெட்டு வீடு. ஒவ்வொன்றிலும் அதே மூன்று வாக்கியம்: பிளாண்ட் தண்ணி நல்ல தண்ணிதான். என் துண்டாலதான் பாட்டில் கறுத்துச்சு. நேத்துப் புடிச்ச பம்புத் தண்ணி இருந்தா கொட்டிடுங்க, என் பிள்ளையே அதைக் குடிச்சுத்தான் ஆஸ்பத்திரியில கிடக்கா.

சிலர் சிரித்தார்கள். "ஊருக்கே சுத்தம் சொல்றவ துண்டைத் துவைக்க மாட்டியா?" என்றார் ஒரு பெரியவர். ஒருத்தி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். பலர் குடத்தைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் சந்து வழியே ஓடி அவள் செருப்பை நனைத்தது.

கடைசியாக முதக்கொடத்தின் வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். சொட்டக்கா சொல்லி முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"கொதிக்க வெச்சியா?" என்று சொட்டக்கா கேட்டாள்.

"நான் வெச்சேன். என் மவன் ராஜா, வேலைக்கு நேரமாச்சுன்னு குடத்துலேருந்து அப்படியே மொண்டு குடிச்சிட்டுப் போனான். இப்ப வயித்தைப் புடிச்சிட்டு உள்ள சுருண்டு கெடக்கான்." குரல் உயர்ந்தது. "துடைக்கிற அந்தக் கையை ஒடிக்கணும்டி உனக்கு!"

சொட்டக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நல்ல தண்ணீரில் பொட்டலத்தைக் கரைத்து, அவனை எழுப்பி உட்காரவைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தாள். பொழுது சாய்கிறவரை இருந்தாள். பிறகு சுகாதார நிலையத்துக்கு ஓடிப் பாப்பாவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தபோது அவள் மறுபடி இந்த வீட்டில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். முதக்கொடம் அவளை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவன் எழுந்து சாப்பாடு கேட்டான். பாப்பா வீட்டுக்கு வந்தாள். வேறு எந்த வீட்டிலும் யாரும் படுக்கவில்லை. ஆனாலும் புதன்வரை, தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும் சொட்டக்கா வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

வேலை போகவில்லை. சுவரில் எழுதியிருந்ததைப் பாஸ்டரம்மா காப்பாற்றினார். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: வியாழக்கிழமை பாட்டிலை ஒருவர் பிடிக்க, ஒருவர் பார்க்கவேண்டும்.

முப்பத்துநான்காவது வியாழன். சொட்டக்கா கொட்டகையைத் திறந்து, யாரைக் கூப்பிடுவது என்று திரும்பினாள். வாசலில் முதக்கொடம், குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"மோட்டாரு வரட்டும்" என்றாள் சொட்டக்கா.

"அவன் பல்லு விளக்கி முடிக்க மத்தியானம் ஆகும். நான் பார்க்கிறேன்." கையை நீட்டினாள். "குடு."

"என்ன?"

"துண்டு."

சொட்டக்கா கொடுத்தாள். முதக்கொடம் அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தண்ணீர் ஓடியது. இருவரும் சேர்ந்து நூறு எண்ணினார்கள். முதக்கொடம் அறுபதுகளில் தப்பாக எண்ணித் திருத்திக்கொண்டாள். ஸ்பிரிட் பஞ்சு. குழாய் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. சொட்டக்காவின் இடது கை தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கியது.

"பார்த்தேன்" என்றாள் முதக்கொடம்.

பாட்டில் பலகைக்குப் போனது.

"நாளைக்குக் கறுத்திருந்தா?"

"மூடிடுவேன்" என்றாள் சொட்டக்கா.

"மூடு. மூடித்தான் ஆகணும்." முதக்கொடம் வெளியே போய் முதல் குழாயில் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றினாள். துண்டு அவள் கக்கத்திலேயே இருந்தது.

"என் துண்டு!"

"நாளைக்குப் பாட்டிலைப் பார்த்துட்டுத் தர்றேன்" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுச் சந்துக்குள் நடந்தாள். "அதுவரைக்கும் துவைச்சாவது வெக்கிறேன்."

அன்று முழுக்கச் சொட்டக்காவுக்குத் தோள் லேசாக இருந்தது. ஆனாலும் கொட்டகைக்குள் போன ஒவ்வொரு தடவையும் பலகையைப் பார்க்காமல் வெளியே வரவில்லை.